அறுபத்தேழு இரண்டுகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், அரசனின் களஞ்சியத்தையே காலிசெய்யும் பரிசைக் கேட்ட அறிஞனின் கதை நமக்கெல்லாம் தெரியும். அறுபத்துநான்கு கட்டங்களிலும் சேரும் மணிகள் மொத்தம் 2⁶⁴ − 1. எண் எவ்வளவு பெரிது என்று வியந்ததும் கதை முடிந்துவிடுகிறது. எண்கோட்பாட்டில் ஈடுபாடு கொண்டவர் அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்குவார். இத்தனை மணிகளையும் மிச்சமில்லாமல் சமக் குவியல்களாகப் பிரிக்க முடியுமா? முடியும் என்றால் எத்தனை விதமாக?

2⁶⁴ − 1 இந்தக் கேள்விக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். 64 என்பது 32-இன் இருமடங்கு என்பதால் அந்த எண் (2³² − 1) × (2³² + 1) என்று இரண்டாகப் பிரியும். முதல் துண்டு அதே வழியில் மறுபடியும் பிரியும். அப்படியே இறங்கிக்கொண்டு போனால் 3, 5, 17, 257, 65537 ஆகிய பகா எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கொஞ்சம் முரண்டு பிடிப்பது 2³² + 1 மட்டும்தான். அது பகா எண் என்றே ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். ஆக மொத்தம் ஏழு பகா எண்கள். நெல்மணிகளைச் சமமாகப் பிரிக்க 128 வழிகள்.

இப்போது பலகையில் இன்னும் மூன்றே மூன்று கட்டங்களைச் சேர்ப்போம். மொத்த மணிகள் 2⁶⁷ − 1. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது

147573952589676412927.

நம் வழக்கப்படி காற்புள்ளியிட்டால் 14,75,73,95,25,89,67,64,12,927. ஏறக்குறைய பதினான்கு லட்சத்து எழுபத்தையாயிரம் கோடி கோடி. இந்த எண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பதில் பெற மனிதர்களுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பள்ளியில் படித்த சோதனைகளை முதலில் போட்டுப் பார்க்கலாம். கடைசி இலக்கம் 7. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 109, மூன்றாலும் வகுபடாது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 63, 46, வித்தியாசம் 17, பதினொன்றாலும் வகுபடாது. 64-க்குச் செய்ததுபோல அடுக்கைப் பிரித்து உடைக்கலாமா என்றால், 67 பகா எண். அதைப் பிரிக்க முடியாது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணும் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்? சில சமயம் பகா எண் கிடைக்கும்: 3, 7, 31, 127. சில சமயம் ஏமாற்றம்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. எந்தப் பக்கம் விழும் என்று அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல இன்றுவரை வழி இல்லை.

இந்த வகை எண்களின் மீது ஆசை வந்ததற்கு யூக்ளிட் ஒரு காரணம். 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14 என்று, தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக நிற்கும் எண்களைச் செவ்விய எண்கள் என்கிறோம். 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்தது பகா எண்ணாக அமையும்போதெல்லாம் ஒரு செவ்விய எண் பிறக்கும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இப்படித்தான் பிறக்கின்றன என்பதைப் பிற்காலத்தில் ஆய்லர் நிறுவினார்.

பாரிஸில் வாழ்ந்த துறவி மெரின் மெர்சென் 1644-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்ணைத் தரும் என்பது அவர் கூற்று. எப்படித் தெரிந்தது என்று அவர் சொல்லவில்லை. 257-ஆம் அடுக்கு 78 இலக்கம் கொண்டது. அவர் காலத்தில் யாராலும் அதைச் சோதித்திருக்க முடியாது. பதினைந்து, இருபது இலக்க எண் ஒன்றைப் பகா எண்ணா என்று சோதிக்கவே காலம் போதாது என்பதை அவரே ஒப்புக்கொண்டவர். ஆனாலும் அவர் பெயரின் மதிப்பால் அந்தப் பட்டியல் நிலைத்தது. இவ்வகை எண்களுக்கே மெர்சென் எண்கள் என்று பெயர் வந்தது.

பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன. 61, 89, 107 ஆகியவை இடம்பெற்றிருக்க வேண்டும், இல்லை. 67-உம் 257-உம் இடம்பெற்றிருக்கக் கூடாது, இருந்தன. 61-ஐ எழுத நினைத்து 67 என்று கைதவறி எழுதினாரோ என்று சிலர் ஐயப்பட்டதுண்டு. ஐந்து பிழைகளையும் களைந்து 257 வரை முழுவதும் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று. பிழைபட்ட பட்டியல்தான் என்றாலும் அதன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மூன்று நூற்றாண்டுகளாக அத்தனை பேரை வேலை வாங்கிய கேள்வி அது.

முதலில் 67-ஐ வீழ்த்தியவர் பிரெஞ்சுக்காரரான எதுவார் லூகாஸ். ஹனோய் கோபுரம் என்ற புதிர் விளையாட்டை உருவாக்கியவரும் இவர்தான். 1876-இல் அவர் 2¹²⁷ − 1 பகா எண் என்றும் 2⁶⁷ − 1 பகு எண் என்றும் கண்டார். இரண்டாவது கூற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் எண்ணைப் பகு எண் என்று சொன்னால் அடுத்த கணமே நாம் கேட்போம்: எந்த எண்ணால் வகுபடும்? லூகாஸிடம் அதற்குப் பதில் இல்லை. ஒரு காரணியைக்கூட அவர் காணவில்லை. எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் அவர் முடிவில் ஐயத்துக்கு இடமே கிடையாது.

வகுத்துப் பார்க்காமலேயே லூகாஸ் முடிவு கண்ட வழியைப் பின்னாளில், 1930-இல், அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் செம்மைப்படுத்தினார். அதன் இன்றைய வடிவம் ஒரு பள்ளி மாணவர் செய்துபார்க்கக்கூடிய அளவுக்கு எளிது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி இரண்டு குறைவு, மறுபடி மீதி. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்த பிறகு மீதி பூச்சியமானால் அது பகா எண். இல்லையென்றால் பகு எண்.

31-ஐ எடுத்துக்கொள்வோம். அடுக்கு 5, மூன்று தடவை செய்தால் போதும். 4-இலிருந்து 14, 14-இலிருந்து 194, அதன் மீதி 8, 8-இலிருந்து 62, அது 31-இன் இருமடங்கு, மீதி பூச்சியம். 31 பகா எண். 2047-க்கு ஒன்பது தடவை செய்ய வேண்டும். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று நடந்து 1736-இல் முடிகிறது. பூச்சியம் வரவில்லை. ஆகவே 2047 பகு எண். இந்த நடையில் 23-உம் தலைகாட்டவில்லை, 89-உம் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எண் உடையும் என்று தெரிந்துவிட்டது. எங்கே உடையும் என்பதைப் பற்றிச் சோதனை வாயே திறக்கவில்லை.

67-க்கு இதே நடை 65 தடவை. ஒவ்வொரு தடவையும் இருபத்தோரு இலக்க எண்ணைத் தன்னோடு தானே பெருக்கி, வரும் நாற்பது இலக்கத்துக்கு மேற்பட்ட விடையை மறுபடி வகுக்க வேண்டும். கையால் செய்ய அலுப்பான வேலைதான்; ஆனால் ஒரு மனிதரால் முடிகிற வேலை.

இங்கே இந்த எண்ணின் இன்னொரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். பகா எண்களை இனங்காண ஃபெர்மாவின் சிறிய தேற்றம் ஒரு விரைவான வடிகட்டியைத் தருகிறது. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 2⁶⁷ − 1-ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் மீதி 1 என்றே வருகிறது. சோதனையில் தேறிவிடுகிறது, ஆனால் பகா எண் இல்லை. இப்படிப்பட்டவற்றைப் பொய்ப் பகா எண்கள் என்கிறோம். 2-ஐ வைத்துச் சோதித்தால் நம் எண் ஏமாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது: அதுவே 2-இன் அடுக்கிலிருந்து பிறந்தது; அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் 67-ஆல் வகுபடுகிறது. 2-க்குப் பதிலாக வேறு எண்ணை வைத்துச் சோதித்தால்? இந்த எண்ணை ஏமாற்ற விடும் அடிமானங்கள் எத்தனை என்று இன்று நம்மால் துல்லியமாகக் கணக்கிட முடியும்: 14,54,436. அதாவது கிட்டத்தட்ட ஒரு கோடி கோடியில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடிமானத்தை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உறுதியாக நம்பலாம். நம் கைக்கு முதலில் வரும் 2 அந்த அபூர்வமான ஒன்றாக அமைந்துவிட்டது.

லூகாஸ் சொன்ன பிறகு 27 ஆண்டுகள் நிலைமை அப்படியே இருந்தது. எண் பகு எண் என்பது உறுதி. காரணி எதுவும் தெரியாது.

காரணியைத் தேடப் போகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. தேடப்படும் பகாக் காரணி எதுவாக இருந்தாலும் அது இரண்டு நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். முதலாவது: அந்தக் காரணியால் வகுக்கும்போது 2-இன் 67-ஆம் அடுக்கு மீதி 1-ஐத் தருகிறது. 67 பகா எண் என்பதால் அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வர வழியில்லை. ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை இதோடு சேர்த்தால், காரணியிலிருந்து ஒன்றைக் கழித்த எண் 67-ஆல் வகுபட வேண்டும் என்று வருகிறது. காரணி ஒற்றைப்படை, ஆகவே 134-ஆலும் வகுபட வேண்டும். இரண்டாவது: 2-இன் 34-ஆம் அடுக்கை வர்க்கப்படுத்தினால் 2-இன் 68-ஆம் அடுக்கு, அதன் மீதி 2. ஆகவே அந்தக் காரணியைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க மீதி. அப்படியானால் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து நடந்து பாருங்கள். 135, 537, 671, 1073, 1207 என்று முதலில் வருபவை எல்லாம் தாங்களே பகு எண்கள். பகா எண்ணாக நின்று சோதிக்கத் தகுதி பெறும் முதல் எண்ணே 1609. மூன்றாலும் ஐந்தாலும் பதினொன்றாலும் நாம் முன்பு வகுத்துப் பார்த்ததெல்லாம் தேவையே இல்லாத வேலை. ஒரு பிரம்மாண்டமான எண், தன்னை வகுக்கத் துணியும் எண்களுக்கு இவ்வளவு கடுமையான தகுதி விதிக்கிறது என்பதை முதன்முதலாக அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

ஆனால் நிபந்தனைகள் இருந்தும் வேலை பெரியது. இன்று விடை தெரியும் என்பதால் கணக்குப் போட்டுச் சொல்லலாம்: சிறிய காரணியை அடையும் வரை இந்த இரண்டு தகுதிகளும் கொண்ட பகா எண்கள் சுமார் எண்பதாயிரம். ஒன்றைச் சோதிக்கப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 13,000 மணி நேரத்துக்கு மேல். ஞாயிறுதோறும் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் எடுத்ததற்குக் காரணம் ஃபிராங்க் நெல்சன் கோல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்து, ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளைனிடம் பயின்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலாளராகக் கால் நூற்றாண்டுக் காலம் உழைத்தவர். 1903 அக்டோபர் 31, சனிக்கிழமை, நியூயார்க்கில் நடந்த சங்கக் கூட்டத்தில் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி அவர் ஓர் ஆய்வுரை வழங்கினார்.

அந்த உரையைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை எரிக் டெம்பிள் பெல் எழுதியது. கோல் கரும்பலகைக்குச் சென்றாராம். ஒரு வார்த்தையும் பேசாமல் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கையால் பெருக்கி ஒன்றைக் கழித்தாராம். பிறகு பலகையின் மறுபுறம் நகர்ந்து

193707721 × 761838257287

என்று எழுதிப் படிப்படியாகப் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. கோல் பேசாமலேயே போய் உட்கார, அவை எழுந்து கைதட்டியதாம். பல ஆண்டுகள் கழித்து, இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னாராம்.

பெல் கணித வரலாற்றை நாடகமாக்கிச் சொல்வதில் வல்லவர். அவர் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்கக் கூடாது. பேசாத உரை உண்மையில் எவ்வளவு மௌனமாக நடந்தது என்பதை விட்டுவிடலாம். கோல் அச்சிட்ட கட்டுரை நம்மிடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், கைதட்டலைவிட அந்தக் கட்டுரையில் இருக்கும் ஒரு வரிக் கணக்கு பல மடங்கு அழகானது.

கோல் எண்பதாயிரம் எண்களை வகுத்துப் பார்க்கவில்லை. ஃபெர்மா காலத்துப் பழைய யோசனை ஒன்றை எடுத்துக்கொண்டார்: ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தாமாகவே வந்துவிடும். அ² − ஆ² என்பது (அ − ஆ) × (அ + ஆ) தானே. அ என்பது இரண்டு காரணிகளின் சராசரி. ஆகவே சரியான அ கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1,215 கோடி. அங்கிருந்து ஒவ்வொன்றாக அ-வை உயர்த்திக்கொண்டே போய், அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் முழு வர்க்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படியே நேராகப் போயிருந்தால் 36,886 கோடிப் படிகள் ஏற வேண்டியிருந்திருக்கும்.

இங்கேதான் எண்ணின் உள்ளமைப்பு கைகொடுக்கிறது. காரணிகள் இரண்டும் 134-இன் மடங்கோடு ஒன்று கூடியவை. இரண்டையும் பெருக்கி, 67-இன் வர்க்கமான 4489-ஆல் வகுத்து வரும் மீதியைப் பாருங்கள்: குறுக்குப் பெருக்கல் உறுப்பு 134-இன் வர்க்கத்தைத் தாங்கி நிற்பதால் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றிய செய்தி மட்டும். ஆகவே காரணிகள் எவை என்று தெரியாமலேயே அவற்றின் சராசரி 4489-ஆல் வகுபடும்போது என்ன மீதியைத் தரும் என்று சொல்லிவிடலாம். அது 2-இன் 66-ஆம் அடுக்கு தரும் அதே மீதி: 671. இதேபோல 8-ஐக் கொண்ட நிபந்தனையிலிருந்து, சராசரி 8-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும் என்று வருகிறது. இரண்டு வரி இயற்கணிதம். அதற்குள் தேடும் இடம் முப்பத்தையாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது பொறுமையான பகுதி. முன்பு 2 ஒரு வர்க்க மீதி என்று கண்டதுபோல, வேறு எந்தச் சின்ன எண்களெல்லாம் வர்க்க மீதிகள் என்று கோல் தேடினார். ஒரு வர்க்கத்தை நம் பெரிய எண்ணால் வகுத்து வரும் மீதி சின்னச் சின்னப் பகா எண்களின் பெருக்கலாக அமைந்தால், அந்த மீதி மறைந்திருக்கும் காரணிகளுக்கும் வர்க்க மீதியாகவே இருக்கும். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு தகவலும், காஸ் நிறுவிய இருபடித் தலைகீழ் விதியின்படி, காரணி இருக்கக்கூடிய இடங்களில் பாதியை அடித்துவிடும். இந்த மாதிரித் தகவல்களைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் அவர் வந்து நின்ற இடம் இது:

அ = 1323536760 × த + 1160932384.

1323536760 என்ற அந்தப் பெருக்கியைப் பிரித்துப் பார்த்தால் அவர் நடந்த வழியே தெரிகிறது. அது 67² × 8 × 81 × 5 × 7 × 13. முதல் இரண்டும் நாம் மேலே இரண்டு வரியில் பெற்றவை. மற்றவை மூன்று, ஐந்து, ஏழு, பதின்மூன்று ஆகிய சின்னப் பகா எண்களைக் கொண்டு இழைத்து இழைத்துப் பெற்றவை. இனி அ-வை ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டாம். த என்ற முழு எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, 132 கோடிப் பாய்ச்சலாக உயர்த்தலாம். 36,886 கோடிப் படிகள் இருந்த இடத்தில் முந்நூறுக்கும் குறைவான படிகள். த 287 ஆகும்போது

381015982504² − 380822274783²

என்ற வித்தியாசம் சரியாக 2⁶⁷ − 1 ஆகிறது. இரண்டையும் கழித்தால் 193707721, கூட்டினால் 761838257287. மெர்சென் பட்டியல் வெளியாகி 259 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டு காரணிகளும் தகுதிகளை நிறைவேற்றுகின்றனவா என்று நீங்களே சரிபார்க்கலாம். முதலாவதிலிருந்து ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்தால் 1445580. இரண்டாவதை அப்படியே செய்தால் 5685360129. மீதி எதுவும் இல்லை. 8-ஆல் வகுத்தால் முதலாவது மீதி 1 தருகிறது, இரண்டாவது 7.

கோலுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரு சங்கதி அந்தச் சிறிய காரணிக்குள் இருக்கிறது. 193707720-ஐப் பகாக் காரணிகளாக எழுதினால் 2³ × 3³ × 5 × 67 × 2677. அதாவது சிறிய காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் முழுவதும் சின்னப் பகா எண்களால் ஆனது. மிகப் பெரியதே 2677 தான். 1974-இல் ஜான் பொலார்ட் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் இத்தகைய காரணிகளைப் பிடிக்கவே ஒரு வழி கண்டார். சின்னப் பகா எண்களையெல்லாம் ஏற்கெனவே உள்ளடக்கிய ஒரு பெரிய அடுக்கை எடுத்துக்கொண்டு 3-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால், ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி மறைந்திருக்கும் காரணி அதை வகுத்தே தீரும். பிறகு அந்த விடைக்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி கண்டால் காரணி வெளியே வந்துவிடும். 2677 வரையுள்ள எல்லாவற்றையும் உள்ளடக்கிய அடுக்குக்குச் சுமார் நாலாயிரம் தடவை வர்க்கப்படுத்தினால் போதும். 2-உம் 67-உம் அதில் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் வேலை இன்னும் குறையும். இதற்குத் தேவையான தேற்றங்கள் எல்லாம் ஃபெர்மாவும் யூக்ளிடும் தந்தவை. 1903-இல் எவரும் அவற்றை இப்படி இணைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

பெருக்கிக் காட்டச் சில நிமிடங்கள், பிரித்துக் காணச் சில ஆண்டுகள் என்ற இந்த ஏற்றத்தாழ்வு அன்று எவருக்கும் பயன்படவில்லை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அதன் மேல் ஒரு மறையீட்டு முறையைக் கட்டினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊருக்கே அறிவித்துவிடலாம். பிரிக்கத் தெரியாதவரை இரகசியம் காக்கப்படும். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை விரைவில் முடிவுசெய்ய எல்லா எண்களுக்கும் பொருந்தும் உறுதியான வழி உண்டு என்று 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா நிறுவினார்கள். காரணிகளை அதே விரைவில் காண, வழக்கமான கணினிகளுக்கு அப்படியொரு வழி இதுவரை எவரிடமும் இல்லை. 250 இலக்கம் கொண்ட ஆர்.எஸ்.ஏ. சவால் எண் 2020-இல்தான் உடைந்தது. அதற்கு உலகின் பல கணினிகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது.

கோலின் எண்ணை இன்று கைப்பேசியே இமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். ஆனால் 1876-க்கும் 1903-க்கும் இடையே அந்த எண் இருந்த நிலையில் இன்றும் ஒரு மெர்சென் எண் இருக்கிறது: 2¹²⁷⁷ − 1. அது 385 இலக்கம் கொண்டது. அடுத்து வரும் பகா அடுக்கான 1279 உண்மையிலேயே பகா எண்ணைத் தருகிறது. 1952-இல் கணினியால் கண்டுபிடிக்கப்பட்டது அது. 1277-ஓ பகு எண். லூகாஸ் காட்டிய அதே நடையில் கடைசி மீதி பூச்சியமாக வரவில்லை. அதன் பகாக் காரணி ஒன்றைக்கூட இன்றுவரை யாரும் கண்டதில்லை. காரணியே தெரியாத மெர்சென் எண்களில் மிகச் சிறியது இதுதான். காரணி எதுவாக இருந்தாலும் அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2554-ஆல் வகுபடும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். பொலார்டின் வழியும், அதற்குப் பிறகு வந்த நீள்வட்ட வளைவு வழியும் இதன் மேல் நெடுங்காலமாக ஓட்டப்பட்டு வருகின்றன.